சிற்றில் சிதைத்தவர் யார்?

குழந்தை விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது ஓர் இலக்கியத் திங்களிதழுக்கு ஏற்ற காரியந்தானா என்று சிலர் வினவக்கூடும். உண்ணவும் உடுக்கவும் போதாத மக்கள் பலராயிருக்க, மணல் வீட்டையும் மரக்கட்டையையும் ஆராய்வது வீண் வேலை என்பது அவர்கள் எண்ணமாகலாம். அவ்வெண்ணம் தவறென்று நாம் கூறவில்லை. முழுமையற்றதென்று மட்டும் கூறுவோம். ஒரு சமுதாயம் உழைப்பை எவ்வாறு மதிக்கின்றது, ஆக்குவோனுக்கும் அனுபவிப்போனுக்கும் இடையே எத்தகைய உறவை ஒப்புக்கொள்கின்றது என்பவற்றை அறிய அதன் சட்டப் புத்தகங்களைப் புரட்டவேண்டியதில்லை. அதன் குழந்தைகள் எதைக்கொண்டு, யாருடைய அனுமதியோடு விளையாடுகின்றனர் என்று பார்த்தாலே போதும்.

அண்மையில் நம் மாணவனொருவனின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். வலிகாமத்திலே நடுத்தரக் குடும்பம். கூடத்திற் கண்ணாடி அலுமாரி. அதன் நடுத்தட்டில், பலவண்ணப் பிளாஸ்ரிக் கற்களைப் பொருத்திச் செய்த கப்பலொன்று இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் தாய்மாமன் அனுப்பியது. வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தந்தையார் இரண்டு இரவுகள் விழித்திருந்து பொருத்தியது. அவ்வீட்டின் ஐந்து வயதுப் பையன் அலுமாரியின் முன் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எடுத்து விளையாடுறேல்லையோ?" என்று கேட்டோம். "கழட்டக் கூடாதெண்டு அம்மா சொன்னவ" என்றான்.

பக்கத்து வளவிலே புதிதாக வீடொன்று எழும்பிக்கொண்டிருந்தது. மேசன் தொழிலாளியின் மகள், ஏழெட்டு வயதிருக்கும், வெறுந் தீப்பெட்டியொன்றில் ஈரமணலை அடைத்துக் கவிழ்த்துக் 'கல்லரிந்து' கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு கல் சேர்ந்ததும் சுவரெழுப்பினாள். சுவர் சரிந்தது. சற்று நேரம் அதனையே பார்த்திருந்தாள். பின்னர் சிரட்டையில் நீர் மொண்டு மணலை இன்னுஞ் சிறிது நனைத்து, மீண்டும் அரியத் தொடங்கினாள்.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே நிறுத்தி, ஏழையின் விளையாட்டு உயர்ந்தது, வசதியுள்ளோன் விளையாட்டுத் தாழ்ந்தது என்று முடித்துவிடுதல் எளிது. அது பொய்யான ஆறுதல். அச்சிறுமி அங்கே வந்தது வீட்டிலே பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால். இன்னுஞ் சில ஆண்டுகளில் அவள் கையில் தீப்பெட்டிக்குப் பதிலாகச் சாந்துச் சட்டியிருக்கவுங் கூடும். வறுமையை விளையாட்டின் பெயராற் புகழ்ந்து பாடுவோர் வறியோருக்கு நண்பரல்லர். ஆயினும் ஒரு வினாவை நாம் தவிர்க்க முடியாது. சரிந்த சுவரைப் பார்த்துக் காரணம் தேடும் உரிமை அவளுக்கு இருந்தது. அவனுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

தச்சச் சிறுவரும் தேருருட்டிய சிறுவரும்

இவ்வினாவோடு நம் பழைய இலக்கியத்துட் புகுவோமாயின், இதுவரை அழகென்று மட்டுமே கண்டவை வேறொரு பொருளுந் தரக் காண்போம்.

குறுந்தொகையின் 61ஆம் செய்யுள் தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்த சிறிய தேரை ஏறி ஊர்தல் இயலாதாயினும், கையால் இழுத்துச் சிறுவர் இன்புறுவர் என்பது அதிலே வரும் உவமை. குழந்தையின் உள்ளத்தை உற்று நோக்கியவரன்றிப் பிறர் இதனைச் சொல்ல முடியாது. உண்மையான தேரின் பயன் ஊர்தல். விளையாட்டுத் தேரின் பயனை நிச்சயிப்பது குழந்தை. பயன்பாட்டிலிருந்து பொருளை விடுவித்து அதற்குப் புதுப்பயன் தருவதே விளையாட்டு என்று இன்றைய கல்வியியலார் நூல்கள் எழுதி விளக்குவதைப் பழம்புலவர் ஓர் உவமையிற் கூறிச் சென்றார்.

பெரும்பாணாற்றுப்படையிலும் இத்தகைய தேருண்டு. அங்கே அதனைச் செய்தோர் தச்சரின் சிறுவர். உருட்டியோர் வளமிக்க உழவரில்லத்துப் புதல்வர். உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியின் பாலை உண்டு படுக்கையில் உறங்குகின்றனர். உரையாசிரியர் வழிவந்தோர் இதனை ஊர்வளத்தின் சித்திரமெனப் பாராட்டுவர். பாராட்டத் தக்கதே. ஆனால் தேரைச் செய்த தச்சச் சிறுவர் எங்கே உறங்கினர் என்று புலவர் சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை. ஒரு பிள்ளைக்கு விளையாட்டாயிருப்பது மற்றொரு பிள்ளைக்குத் தொழிலாயிருந்தமைக்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

பட்டினப்பாலை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. உலரும் உணவைத் தின்னவரும் கோழியை விரட்டப் பெண்கள் பொன்னாலான காதணியைக் கழற்றி எறிகின்றனர். அது பொற்காற் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தைக் காட்டப் புலவர் தேர்ந்தெடுத்த கருவி குழந்தையின் விளையாட்டுப் பொருள். விளையாட்டுப் பொருள் செல்வத்தின் அடையாளமாகிவிட்டால் அதனை உடையோரும் இல்லாரும் குழந்தைப் பருவத்திலேயே பிரிந்துவிடுகின்றனர். வடமொழி நாடகமான 'மிருச்சகடிக'த்தை இயற்றிய சூத்திரகர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனைத் 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வேண்டாமென்று அழுகின்றான். மண்தேர் முந்திய நாள் வரை தேராகவே இருந்தது. பொன்னைக் கண்ட அன்றுதான் அது மண்ணாயிற்று. கண்ணாடி அலுமாரிகளின் வரலாறு அங்கே தொடங்குகின்றது.

ஆக்கும் மகளிர், அழிக்கும் பிள்ளை

தேர் தச்சன் செய்தது. சிற்றிலோ குழந்தை தானே ஆக்குவது. ஆதலால் ஆக்க விளையாட்டைப் பற்றிய நம் இலக்கியச் சான்றுகளில் அதுவே தலையாயது.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். மணலாற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிப் பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்திலாடியதும், மருதமரக் கிளையேறிக் குதித்து ஆழத்து மணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் நிற்கின்றன. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்தே விளையாடுகின்றனர். யாரும் எதனையும் உடைக்கவில்லை. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலோ நிலைமை வேறு. தெருவிலே நாம் கட்டிய மணல் வீட்டைக் காலாற் சிதைத்துப் பூமாலையைப் பறித்துப் பந்தையும் கொண்டோடிய குறும்பன் என்று தலைவி அவனைத் தோழிக்கு நினைவூட்டுகின்றாள். அக்குறும்பே பின்னர்க் காதலாக மலர்கின்றது. கபிலரின் நாடகத் திறனை மறுப்பாரில்லை. எனினும், அவள் ஆக்கியதை அவன் அழிப்பது அன்பின் முன்னுரையாக இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைத்தமிழ் இதனை இலக்கணமாக்கிற்று. காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. அதன்பின் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பெரும்பாலும் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல் என மூன்று. பெண்மக்கள் இழைத்த சிற்றிலைச் சிதைக்க வருகின்றான் பாட்டுடைத் தலைவன். சிதைக்கவேண்டாமென அவர்கள் கெஞ்சுகின்றனர். இதுவே சிற்றிற் பருவம். வீடு கட்டுவது பெண். ஆனால் அவ்விளையாட்டின் பெயரால் அமைந்த பருவமோ ஆண்பிள்ளையின் பெருமை பேசுவது. பெண்பாற்குச் சிற்றிலிழைத்தலும் சிறுசோறாக்கலும் உரியவெனக் கூறும் பாட்டியல்களும் உள. ஆயினும் புகழ்பெற்ற பிள்ளைத்தமிழ்களிற் பெருவழக்காய் நிலைத்தது சிதைக்கும் சிற்றிலே.

இறைவன் உலகங்களைப் படைத்து அழிக்கும் திருவிளையாடலே இங்கே உருவகமாகின்றது என்றும், நிலையற்ற உலக வாழ்வே மணல் வீடு என்றும் பக்தி நெறியினர் விளக்குவர். அவ்விளக்கம் பாட்டுக்குப் புறம்பானதன்று. புலவர்கள் பலர் அதனை உணர்ந்தே பாடினர். ஆனால் உருவகம் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்பதும் ஆராய்ச்சிக்குரியது. ஆக்கியவர் கண்முன்னே ஆக்கத்தை மிதிப்பது வல்லோனின் விளையாட்டு என ஒப்புக்கொண்ட சமுதாயத்திலேதான் அவ்வுருவகம் இனிக்கும்.

இந்நெடிய மரபில் உழைத்தவரின் குரல் தெளிவாய்க் கேட்பது ஆண்டாளிடம். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும் சிற்றில் சிதைக்கவேண்டாமென்ற வேண்டுகோளே. வெண்ணிற நுண்மணலைத் தெள்ளியெடுத்ததையும், நாள் முழுவதும் முதுகு நோவக் குந்தியிருந்து இழைத்ததையும், இழைத்ததைக் கண்ணாரப் பார்த்து மகிழும் ஆசை இன்னுந் தணியாததையும் அச்சிறுமியர் சொல்கின்றனர். முதுகு நோவு! பிள்ளைத்தமிழ்ப் புலவர் பலர் காணாத உழைப்பின் வலியை ஆண்டாள் கண்டாள். சிற்றில் அவளுக்கு வெறும் உருவகமன்று. செய்த கைகளின் பொருள். தீப்பெட்டியாற் கல்லரிந்த சிறுமி அவள் வழியிலே வந்தவள்.

ஒரு நாடு தந்த இரண்டு விளையாட்டுகள்

மேனாடுகளில் கட்டும் விளையாட்டுக்குக் கல்வியின் இடம் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். யேர்மனியரான பிரடெரிக் புரோபல் 1837இல் தம் நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் பூங்கா' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரிட்டார். பெரிய கனசதுரமொன்றை எட்டுச் சிறு கனசதுரங்களாக வகுத்து, ஒரு பெட்டியிலிட்டுக் குழந்தையின் கையிற் கொடுத்தார். பிரித்தல், சேர்த்தல், மீண்டும் முழுமையாக்கல் என்பவற்றால் உலகின் ஒழுங்கைக் குழந்தை தானே கண்டறியும் என்பது அவர் நம்பிக்கை. 1851இல் பிரசிய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புவன என்பது குற்றச்சாட்டு. தடை நீங்கியது 1860இல். புரோபலோ 1852இலேயே மறைந்துவிட்டார். எட்டு மரத்துண்டுகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட கை எதையெதைப் பிரித்துப் பார்க்கும் என்பதை அவ்வரசு ஓரளவு சரியாகவே ஊகித்தது எனலாம்.

அவர்பின் வந்தோர் பலர் அவர் கொடைகளைக் கட்டளைப் பயிற்சியாக்கினர். அதற்கு மாறாக, நியூயோர்க்கில் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1914இல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் அம்மையார், ஓரளவின் மடங்குகளாய் அமைந்த எளிய மரக்கட்டைகளைச் செய்து, இன்னதுதான் கட்டவேண்டுமென்று சொல்லாமல் விட்டார். அக்கட்டைகளுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இன்றும் உலகெங்கும் யாரும் அவற்றைச் செய்யலாம்.

அலுமாரிக் கப்பலின் கற்கள் வந்த வழி வேறு. டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒலே கிர்க் கிறிஸ்தியன்சன் என்னும் தச்சர், பொருளாதார மந்தத்தால் வீடுகட்டும் வேலை அற்றுப்போகவே, 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தலைப்பட்டார். அதுவே லெகோ நிறுவனத்தின் தோற்றம். 1949இல் அது பிளாஸ்ரிக் கற்களை வெளியிட்டது. அதற்கு மாதிரி இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் தம் கிட்டிகிராப்ட் நிறுவனத்தின் வழி 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கல். அடியிற் குழாய் வைத்து இறுகப் பொருந்தும் இன்றைய வடிவத்திற்கு லெகோ காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28ஆம் நாள். பேஜ் அதற்கு முந்திய ஆண்டிலேயே இறந்துவிட்டார். சந்தையில் நிலைப்பது கண்டோன் பெயரன்று, காப்புரிமை உடையோன் பெயரே என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அக்கல்லை நாம் இழித்துரைக்கவில்லை. எட்டுக் குமிழுடைய ஆறே கற்களை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகையாகப் பொருத்தலாமெனக் கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். இத்துணை விடுதலையைத் தன்னுள் அடக்கிய விளையாட்டுப் பொருள் மிகச் சிலவே. ஆனால் விடுதலையை ஒருமுறை விற்றால் மறுமுறை விற்க முடியாது. ஆறு கற்களே பல்லாண்டு விளையாட்டுக்குப் போதுமாயின் வணிகம் எவ்வாறு வளரும்? ஆகவே இன்ன கோட்டை, இன்ன விண்கலம், இன்ன கப்பல் என்று முன்கூட்டியே முடிவுசெய்த பெட்டிகள் பெருகின. 1999இல் ஹொலிவூட்டின் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தோடு உடன்பாடு செய்தபின் அவ்வழி பெருவழியாயிற்று. 91 கோடி வகைகளில் ஒன்றே சரியானது. அது வழிகாட்டிப் புத்தகத்தில் உளது! பொருத்தி முடித்தால் விளையாட்டு முடிந்தது. அடுத்த பெட்டி வாங்கவேண்டும்.

அதே டென்மார்க், அதே பத்தாண்டில், இன்னொரு விளையாட்டையும் உலகுக்குத் தந்தது. நிலவனப்புக் கலைஞர் சோரன்சன் தாம் அழகுற அமைத்த விளையாட்டுத் திடல்களைவிட, வீடுகட்டும் இடங்களிற் கிடக்கும் பலகைத் துண்டும் உடைந்த கல்லுமே குழந்தைகளை ஈர்ப்பதைக் கண்டார். 1943இல், நாடு நாசிப் படையின் ஆக்கிரமிப்பிலிருந்தபோது, கொப்பன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில், தொழிலாளர் கூட்டுறவு வீடமைப்பின் நிலத்தில், 'கழிபொருள் விளையாட்டுத் திடல்' திறக்கப்பட்டது. ஆணி, சுத்தியல், பலகை, கயிறு, மண், வேறொன்றுமில்லை. குழந்தைகள் கட்டினர், உடைத்தனர், மீண்டும் கட்டினர். போர் முடிந்தபின் 1946இல் அதனைக் கண்ட அலன் சீமாட்டி அக்கருத்தை இங்கிலாந்திற்குக் கொண்டுசென்றார். குண்டுவீச்சில் தரைமட்டமான இலண்டன் மனைகளில் அத்தகைய திடல்கள் எழுந்தன. எம்ட்ருப்பிலே காப்புரிமை பெறுவதற்கு ஒன்றுமில்லை. ஆதலால் அதன் பெயரை நம்மிற் பலர் கேட்டதுமில்லை.

நம் முற்றம்

யாழ்ப்பாணத்திற்கு இவையெல்லாம் புதியன அல்ல. நுங்கு குடித்த கோம்பையில் ஈர்க்குச் செருகினால் வண்டில். பூவரசமிலையைச் சுருட்டினால் குழல். பனையோலையை மடித்து முள்ளிற் குத்தினால் காற்றாடி. காய்ந்த பனைமட்டையில் ஒருவனை இருத்தி இழுத்தால் தேர். தென்னோலை பாம்பாகவும் கிளியாகவும் மாறும். சிரட்டை சட்டியாகி மணல் சோறாகும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளிற் பறக்கும் பட்டங்களைப் பார்ப்போர், மூங்கிற் சிம்பும் நூலும் தாளும் கொண்டு கணக்கையும் காற்றையும் கற்றுத் தேர்ந்த கைகள் இங்கே இன்னும் உள என்பதை அறிவர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) கத்தரித் தோட்டத்து வெருளியைச் சிறுவருக்காகப் பாடியது ஏன் இன்றும் இனிக்கின்றது? கழித்துப்போட்ட பொருள்களாலான உருவத்தை உயிருள்ள காவலனாக விளித்துப் பேசுவது குழந்தையின் கண். அக்கண் புலவருக்கு வாய்த்திருந்தது.

பின்னர்ப் போர் வந்தது. 1990இற்குப் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் குடாநாட்டிற்கு அரிதாயின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. கடையில் விளையாட்டுப் பொருள் இல்லை. இருந்தாலும் வாங்கப் பணமில்லை. பால்மாப் பேணியும், தேய்ந்த செருப்பை வெட்டிய சில்லும், பழைய ரியூப் நாடாவும் நம் தலைமுறையின் செல்வங்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சென்றபோது நமக்கு வயது ஏழு. நாற்பது பேர் தங்கிய ஒரு வீட்டின் பின்வளவில், மாமரத்தின் கீழ், நாம் பிள்ளைகள் சேர்ந்து தீப்பெட்டியாற் கல்லரிந்து ஊரொன்று கட்டினோம். விட்டுவந்த ஊரைத்தான் கட்டினோம். கோவில், பாடசாலை, சங்கக் கடை, அவரவர் வீடு. ஒருவனுடைய வீடு எறிகணையில் உடைந்துவிட்டதென்று செய்தி வந்தபோது, மணலிலும் அதனை உடைப்பதா விடுவதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. உடைக்கவேண்டாமென்று அவனே சொன்னான். மறுநாள் அதற்கு மாடியும் வைத்தான். வளர்ந்தோர் எவரும் அவனிடம் அதுவரை அவ்வீட்டைப் பற்றிப் பேசவில்லை. உளநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் வடுப்பட்ட மனங்களைப் பற்றி எழுதியவற்றை ஆண்டுகள் பல கழித்துப் படித்தபோது, அந்த மாடி நம் நினைவுக்கு வந்தது.

ஆனால் போர்க்கால விளையாட்டைப் பொன்னாக்கிக் காட்டவும் நாம் முற்படவில்லை. அதே பிள்ளைகள் பதுங்குகுழி வெட்டினர், தடியைத் துவக்காக்கினர், சோதனைச் சாவடி அமைத்து ஒருவரையொருவர் கைகளை உயர்த்தச் சொல்லினர். குழந்தை தான் காண்பதைக் கட்டுகின்றது. இன்னொன்றும் உண்டு. கிடக்கும் பொருளை எடுத்துப் புதுப்பயன் காண்பதே ஆக்க விளையாட்டின் உயிர் என்றோம். கிடக்கும் பொருளைத் தொடாதே, அது வெடிக்கும் என்று கற்பிக்கவேண்டியிருந்தது இந்த மண்ணின் ஆசிரியர்களுக்கு. முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. ஆராயும் கையை அடக்கிவைத்த அவ்வச்சம் 2009உடன் தானாக நீங்கிவிடவில்லை. நம் சிற்றிலை முதலிற் சிதைத்தது போர்.

இன்று சிதைப்போர்

போர் முடிந்தபின் சிதைப்போர் யார்? நாமே என்று சொல்லவேண்டியிருக்கின்றது.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப்போரினால் அங்கேயே தங்க நேர்ந்த மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அவர் தந்த கருவிகள் பெரும்பாலும் ஒரே சரியான பயனுடையவை என்ற குறை கூறப்படுவதுண்டு. எனினும் குழந்தை தன் கையாலேயே கற்கும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். இன்று நம் ஊர்களிற் பெயர்ப்பலகையில் அவர் பெயரைத் தாங்கிய முன்பள்ளிகள் சிலவற்றில் மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுக்கின்றனர். கட்டைகள் அலுமாரியிற் பூட்டியிருக்கின்றன. மேற்பார்வைக்கு யாரேனும் வரும் நாளில் வெளியே வரும். 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதல் வகுப்புகளில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் எழுத்துவேலையினும் முதன்மையான இடம் தந்தது. நல்ல திட்டம். ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முதலாம் ஆண்டு வரை நீண்டுவிட்டது. ஏழை மாணாக்கர் நல்ல பாடசாலையிற் பயிலவேண்டும் என்பதற்காக எழுந்த அப்பரீட்சை, தனியார் கல்வி நிலையங்களுக்குப் பணம் கட்டக்கூடியோரின் ஓட்டப்பந்தயமாயிற்று. எட்டு வயதுப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது முற்றத்தில் வெளிச்சம் இல்லை.

முற்றமே இல்லை என்பது இன்னும் பொருந்தும். மணல் முற்றங்களின் மேல் சீமெந்தும் பூட்டுக்கல்லும் பரவுகின்றன. கூட்டிப் பெருக்க எளிதென்பர். பிள்ளையின் உடுப்பு அழுக்காகாதென்பர். உண்மைதான், அழுக்காவதற்கு வேண்டிய எதுவும் அங்கே நடப்பதில்லை.

பெற்றோரைப் பழித்து முடித்துவிடுதல் நீதியன்று. அனைத்தையும் இழந்த தலைமுறைக்கு, பிள்ளையின் பரீட்சைப் புள்ளி ஒன்றே யாரும் பறிக்கமுடியாத சொத்தாகத் தோன்றிற்று. தாய்மாமன் அனுப்பிய கப்பலை அலுமாரியில் வைத்துப் பூட்டிய தாயும் அவ்விழப்பிலிருந்து வந்தவளே. உடைந்துபோகும் பொருள்களைப் போதுமான அளவு கண்டவள் அவள். அவளுடைய அச்சத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அவ்வச்சத்தைப் பிள்ளையின் கல்வித் திட்டமாக ஏற்றுக்கொள்ள நம்மால் இயலாது.

செய்யத்தக்கவை

குறைகூறி முடிப்பது விமர்சனமன்று. வேண்டுவன மிகச் சில. அவற்றிற்குப் பெரும்பணமும் வேண்டாம்.

முன்பள்ளிதோறும் நான்கு பாகத்திற்கு ஒரு மணற்பரப்பும் அருகே ஒரு நீர்த்தொட்டியும் இருத்தல் வேண்டும். ஊர்த் தச்சுப் பட்டறைகளில் அடுப்புக்குப் போகும் மரத்துண்டுகளைச் சீவி மழுக்கி வாங்கினால் கரோலின் பிராட் செய்த கட்டைகளுக்கு ஈடான கட்டைகள் கிடைக்கும். தச்சர்களையும் மேசன்மாரையும் ஆண்டுக்கு இருமுறையேனும் வகுப்பறைக்கு அழைத்து, சுவர் ஏன் நிற்கின்றது என்று அவர்களையே பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்வோம். உழைப்பாளியைப் பாடநூலின் படத்தில் மட்டும் கண்ட பிள்ளை அவரை ஆசிரியராகவுங் காணட்டும். கட்டுவது பெண்பிள்ளை, உடைப்பது ஆண்பிள்ளை என்னும் பழைய பங்கீட்டைக் கைவிட்டு, இருவரும் கட்டவும் தாம் கட்டியதைத் தாமே கலைக்கவும் இடந்தருவோம். குழந்தை ம. சண்முகலிங்கம் தம் 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களால் வளர்த்த அரங்கை ஆண்டுவிழா மேடையில் அடைத்துவிடாது அன்றாட வகுப்புக்குக் கொண்டுவருவோம்.

இது இயலுமா என்போருக்கு ஒரு செய்தி. 1945இன் வசந்தத்தில், பாசிசம் வீழ்ந்த சில நாள்களில், இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்தை அடுத்த செல்லா என்னும் ஊர்மக்கள் தம் பிள்ளைகளுக்குப் பள்ளிகட்ட முடிவுசெய்தனர். பின்வாங்கிய யேர்மன் படை விட்டுச்சென்ற ஒரு தாங்கியையும் சில வண்டிகளையும் குதிரைகளையும் விற்றுப் பணம் சேர்த்தனர். இடிபாடுகளிலிருந்து கல் பொறுக்கினர். செய்தி கேட்டுச் சைக்கிளில் அங்கே சென்ற இளம் ஆசிரியர் லோறிஸ் மலகூசி, குழந்தையின் ஆக்கத்தை நடுவாய்க் கொண்ட கல்விமுறையைப் பின்னாளில் அவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். வறியவர்கள்தாம் அவர்கள், போரிற் சிதைந்தவர்கள்தாம்.

சிற்றிலைச் சிதைக்கலாகாது என்பதன்று நம் வாதம். சிதைப்பதும் விளையாட்டின் பகுதியே. பிரிக்காமல் எப்பிள்ளையும் பொருத்தக் கற்பதில்லை. யார் சிதைப்பது என்பதே வழக்கு. தான் கட்டியதைத் தானே கலைத்து மறுபடி கட்டும் உரிமை கட்டியவருக்கு உரியது. மேசனின் மகளுக்கு நிழலும் பள்ளியும் ஓய்வும் வேண்டும். அலுமாரி முன் நிற்கும் பையனுக்கு அதன் திறப்பு வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்பதுதான் ஆசிரியராகிய நம் கடமை.

அடுத்தமுறை அவ்வீட்டிற்குச் சென்றபோது நாம் அத்தாயோடு நெடுநேரம் பேசினோம். அவர் உடனே இணங்கிவிடவில்லை. "கழட்டினால் திரும்பப் பூட்ட அவனுக்குத் தெரியாதே, சேர்" என்றார். தெரியாதுதான். அது கப்பலாகத் திரும்பி வராமலும் போகலாம். அவர் திறப்பை எடுத்துத் தந்தார்.